கேட்டில் இனி 230 வோல்ட் இல்லை

மழைக்காலம் முழுக்கச் சென்னை கொடுங்கையூரில் எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு வீடியோ டோர்பெல் வேலை செய்திருக்கிறது. படம் தெளிவு, கூரியர் கொண்டுவருபவரின் முகம் இருட்டிலும் தெரிகிறது, பேச்சும் விட்டுவிட்டு வரவில்லை. மற்ற விவரமெல்லாம் பெட்டி மேலேயே அச்சாகியிருக்கிறது. நான் சொல்ல வேண்டியது வயரிங்கைப் பற்றி.

உள்ளே இருந்த வரைபடம் அமெரிக்க வீட்டுக்கானது. அங்கே காலிங் பெல்லுக்கென்றே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். வாசல் பட்டனுக்கு 16 முதல் 24 வோல்ட்தான் வரும். பழைய பட்டனைக் கழற்றி, அந்த இரண்டு வயரையும் டோர்பெல்லில் மாட்டினால் போதும். நம் வீடுகளில் அந்த வயரில் வருவது 230 வோல்ட். போர்டிலிருந்து பேஸ் நேராகக் கேட்டுக்குப் போய், பட்டன் வழியாகத் திரும்பி, டிங்டாங் பெல்லுக்கு வருகிறது. நியூட்ரல் கேட்டுப் பக்கமே போவதில்லை. வரைபடத்தை நம்பி இங்கே மாட்டினால் கருவி கருகிவிடும், மாட்டுபவர் உயிருக்கும் ஆபத்து. இந்த எச்சரிக்கையைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பது பெரிய பொறுப்பின்மை. இந்தியாவில் விற்கிற பெட்டியில் அது முதல் பக்கத்தில், தமிழிலும் இருக்க வேண்டும்.

வயர்மேன் எம்சிபியை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தார். கேட்டுக்குப் போகும் இரண்டு வயரையும் 230 வோல்ட்டிலிருந்து அடியோடு பிரித்தார். போர்டுக்குப் பக்கத்தில் 24 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, அதன் அவுட்புட்டில் அந்த வயர்களைக் கொடுத்தார். சில மாடல் டிசி கேட்கும். பார்த்து வாங்க வேண்டும். விஏ அளவும் கையேடு சொல்வதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்ததும் நின்று நின்று மறுபடி தொடங்கும். நீள வயரிலும் வோல்ட் குறையும்; அதனால் கேட்டுப் பக்கம் மல்டிமீட்டர் வைத்து வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், வைஃபை ரவுட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டால் கரண்ட் போனாலும் பெல் அடிக்கும்.

இந்த வேலையில் கிடைத்த பெரிய லாபம் கேமராவே இல்லை. 2017 நவம்பர் 1-ஆம் தேதி இதே கொடுங்கையூரில், ஆர்.ஆர். நகர்த் தெருவில் மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மழை என்றாலே இங்கே கரண்ட் பயமும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட ஊரில், ஊறிய மதில் சுவரில், விரிசல் விட்ட பிளாஸ்டிக் பட்டனுக்குப் பின்னால் 230 வோல்ட்டை வைத்திருக்கிறோம். பால் போடுபவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ஈரக் கையோடு அதை அழுத்துகிறார்கள். இப்போது எங்கள் கேட்டில் இருப்பது 24 வோல்ட்.

டோர்பெல்லை வாங்கலாம். டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் வயர்மேன் கூலியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். டோர்பெல் வேண்டாம் என்பவர்களும் மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்து, அடுத்த மழைக்குள் அந்தப் பழைய பட்டனை மாற்றிவிடுங்கள்.