சொட்டு எண்ணும் பெட்டி

தெல்தோட்டைப் பக்கம் டெய்லர் என்றால் லூல்கந்துர தோட்டம்தான் நினைவுக்கு வரும். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர். இரண்டு மாதமாக நான் திறந்து மூடும் பெட்டியின் மேலும் அதே பெயர். இந்த டெய்லருக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது டெய்லர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கே-2006, நீச்சல் தடாகத் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி.

எங்கள் தடாகம் சிறியது, 30,000 லீற்றர். உறவினரின் விடுமுறை பங்களாவுக்குப் பின்னால், பீலித் தண்ணீரில் நிரம்புவது. அதைப் பராமரிக்கும் அண்ணன் முதல் நாளே கேட்டார்: "தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்கே தம்பி, என்னாத்துக்கு டெஸ்ட்டு?" அதுவரை நிறம் மாறும் பட்டைகளைத்தான் நனைத்துப் பார்த்தோம். ஒரே தண்ணீருக்கு மூன்று பட்டைகள் மூன்று பதில் சொல்லும்.

இந்தப் பெட்டியில் குளோரின் சோதனைதான் அழகு. 10 மில்லிலீற்றர் தண்ணீரில் பொடியைப் போட்டால் இளஞ்சிவப்பாகும். நிறம் போகும்வரை சொட்டுவிட வேண்டும். ஒரு சொட்டுக்கு லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் கணக்கு. நான்கு சொட்டில் வெளுத்தால் 2, அது போதும். சாயலை ஒப்பிட்டு மண்டையை உடைக்க வேண்டியதில்லை. அதே குழாயில் அடுத்த திரவத்தைவிட்டு மறுபடி சிவந்தால், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து வலுவிழந்த குளோரின் இருக்கிறது. கண்ணெரிச்சலும் 'குளோரின் வாடை'யும் பெரும்பாலும் அதனால்தான்.

ஆனால் எங்களை உலுக்கியது காரத்தன்மைச் சோதனை. நிறங்காட்டித் திரவத்தால் பச்சையான நீர் மூன்றாவது சொட்டிலேயே சிவந்துவிட்டது. சொட்டுக்கு 10 என்றால் 30தான், இருக்க வேண்டியதோ 80 முதல் 120 வரை. பீலித் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, மழை வேறு அதை மேலும் நீர்க்கச் செய்கிறது, நாங்கள் போட்டுவந்த குளோரின் வில்லை அமிலத்தன்மையுள்ளது. பிஎச் நிலையில்லாமல் இறங்கியதும், ஓடுகளுக்கிடையே பூச்சு உதிர்ந்ததும் ஏன் என்று அன்றுதான் புரிந்தது. கண்ணாடி போன்ற தண்ணீர் இதில் ஒன்றையும் காட்டவில்லை.

மருந்து அப்பச்சோடா. எங்கள் தடாகத்தில் அரைக் கிலோ போட்டால் சுமார் 10 ஏறும். இரண்டரைக் கிலோ கேட்டதும் கடைக்காரர், "எங்க அப்ப விருந்து?" என்றார். இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டோம். வில்லையை விட்டுக் கல்சியம் உள்ள குளோரின் தூளுக்கும் மாறினோம்.

குறையும் உண்டு. பிஎச் பகுதி 7.0 முதல் 8.0 வரையே காட்டும், அதுவும் சிவப்புச் சாயலைக் கண்ணால் ஒப்பிட்டுத்தான். இங்கே மாலையில் மூடுபனி இறங்கினால் அந்தச் சாயல் பிடிபடாது, காலை பத்து மணி வெளிச்சம்தான் சரி. குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தை அளக்கக் குழாயின் அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறைவதைப் பார்க்க வேண்டும். எனக்கு மறைந்த புள்ளி அண்ணனுக்குத் தெரிகிறது! திரவங்கள் காலாவதியாகும், அவற்றில் அமிலமும் இருப்பதால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மணல் வடிகட்டியின் நிலையை இது சொல்லாது. அதற்கு அழுத்தமானியைப் பார்க்க வேண்டும், வழக்கத்தைவிட 8–10 பிஎஸ்ஐ ஏறினால் பின்னோட்டமாகக் கழுவ வேண்டும்.

பிஎச் அளக்கும் டிஜிட்டல் பேனா வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு: மலைத் தண்ணீர் என்றால் முதலில் இதை வாங்குங்கள். பிஎச் பேனா காரத்தன்மையைக் காட்டாது.

நேற்று இரவு முழுக்க மழை. காலையில் அண்ணன் குழாயோடு வந்து நின்றார். "ஏழே சொட்டு தம்பி. அரைக் கிலோ போட்டுறவா?"