குயில் தோப்பும் சான்றின் எல்லையும்

புதுவை நகரின் வடபால், சற்றே மேற்கொதுங்கி அமைந்தது கருவடிக்குப்பம். ஆங்குச் சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயில் உளது. அதனை அடுத்த தோப்பினைக் 'குயில் தோப்பு' என வழங்குவர். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் 'குயில் பாட்டு'க்கு நிலைக்களன் இத்தோப்பே என்பது வழிவழிச் செய்தி. சித்தர் சமாதியில் இன்றும் உறைந்து அருள்கின்றார் என்பது அடியார் நம்பிக்கை. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுங்கால் ஒன்றற்குரிய உறுதி மற்றொன்றன்மேல் ஏறிவிடுகின்றது. அவற்றைப் பிரித்து நோக்குதல் ஆராய்வார் கடன்.

முதற்கண் வரலாற்றைக் காண்போம். 'சித்தாந்தச் சாமி கோயில்' என்னும் பாரதியாரின் சிறு பாடல் கோயில் வாயிலின் விளக்கொளியைப் போற்றுகின்றது. தோப்பினையோ குயிலினையோ கூறவில்லை. 'குயில் பாட்டு' புதுவைக்கு மேற்கே சிறு தொலைவிலுள்ள மாஞ்சோலையைச் சுட்டுகின்றது. ஊர்ப்பெயரையோ கோயிலையோ கூறவில்லை. ஆகவே, அச்சோலை கருவடிக்குப்பத்தது என்பது ஏற்றற்குரிய வழக்காறேயன்றி, அகச்சான்றால் நிறுவப்பட்ட முடிபு அன்று. வழக்காற்றைத் தள்ளவும் வேண்டா. அகச்சான்று எனக் காட்டவும் ஆகாது.

அடுத்தது அறிவியல். உரத்துக் கூவும் கருங்குயில் ஆண் என்பதும், பெண்குயில் புள்ளிகள் பொருந்திய பழுப்பு நிறத்தது என்பதும் பறவை நூலார் கண்ட உண்மை. பாரதியாரோ பெண்குயிலைப் பாடவைத்தார். அவர் பிழைபட்டார் எனலாமோ எனின், ஆகாது. இனிது பாடும் பெண்ணைக் குயில் என்றல் உலக வழக்கு; இசை மேடையிலும் திரைப்படத்திலும் அவ்வழக்கு இன்றும் பயில்கின்றது. கவிஞர் மேற்கொண்டது இம்மக்கள் மரபே. மரபினைக் கொண்டு பறவையின் இயல்பை நிறுவுதல் எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே பறவை நூல் கொண்டு மரபினைப் பழித்தலும் பொருந்தாது.

இனி, நம்பிக்கை. குயிலின் முற்பிறப்பு வரலாறு பொதிகை முனிவர் உரைத்ததாகப் பாட்டில் வருகின்றது. ஆனால் கவிஞர் விழித்தெழுங்கால் எல்லாம் கனவாய் முடிகின்றது. இறுதியில், கற்பனையே ஆயினும் வேதாந்தப் பொருளுக்கு இடமிருப்பின் கூறுமாறு தமிழ்ப் புலவரை அவர் வேண்டுகின்றார். மறுபிறப்புக்கு இதனைச் சான்றாக்குவோர் 'கற்பனை' என்றதை மறந்தவராவர். வெறுங்கற்பனை என ஒதுக்குவோர் அவ்வேண்டுகோளை மறந்தவராவர்.

விளக்கொளிப் பாடலின் நிலை வேறு. ஆண்டுக் கனவு என்னும் திரை இல்லை. உள்ளத்து அழுக்கையும் உடற்குறையையும் அவ்வொளி ஓட்டும் எனக் கவிஞர் அடியாராகவே நின்று பாடுகின்றார். அதனை வெறும் உருவகம் என மழுப்புதல் நேர்மையன்று. நோய் நீங்கியமைக்குச் சான்றாகக் கொள்ளுதலும் ஆராய்ச்சியன்று. அவ்வாறு அவர் பாடினார் என்பது வரலாறு; பாடியவாறே நிகழ்ந்தது என்பது நம்பிக்கை. முன்னையது பின்னையதற்குச் சான்று ஆகாது. பின்னையதை மறுப்பதும் ஆகாது.

கருவடிக்குப்பம் செல்லும் மாணவர் தோப்பில் நின்று பாட்டினைச் சுவைக்கலாம். கோயிலில் வழிபடவும் செய்யலாம். ஆயின் ஆய்வேட்டில் எழுதுங்கால், எக்கூற்று எவ்வளவையால் நிற்பது என்பதனைத் தெளிவுறக் காட்டுதல் வேண்டும். கவிஞர் புலவரிடம் வேண்டியது பொருளுரையே. இல்லாத சான்றினை அன்று.