வீட்டு ரவுட்டராக ராஸ்பெர்ரி பை

மேட்டூரில் ஃபைபர் இணைப்பு வாங்கினால் வரும் பெட்டியின் நிர்வாகக் கடவுச்சொல் பெரும்பாலும் வீட்டுக்காரர் கைக்கு வருவதில்லை. உள்ளே ஓடும் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதும் தெரியாது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது. அவற்றில் பெரும்பாலானவை இப்படிக் கவனிப்பாரற்றுக் கிடந்த சிறு ரவுட்டர்கள். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளை ஏற்றி அதையே வீட்டு ரவுட்டராக்கும் முயற்சியை இந்தக் காரணத்துக்காகவே வரவேற்கிறேன். லிங்க்சிஸ் நிறுவனம் லினக்ஸ் உரிமத்துக்குக் கட்டுப்பட்டு 2003-இல் தன் ரவுட்டரின் மூலநிரலை வெளியிட, அடுத்த ஆண்டே அதிலிருந்து முளைத்தது ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்றும் அதற்குப் புதுப்பிப்புகள் வருகின்றன.

இன்னொரு பலன் பாதுகாப்பைவிடக் கண்கூடானது. ஒருவர் போனிலிருந்து படங்கள் மேகச் சேமிப்புக்கு ஏறத் தொடங்கியதும் பக்கத்து அறையில் நடக்கும் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறும். வேகம் போதாததால் வரும் சிக்கலன்று இது. அனுப்பவேண்டிய பொதிகள் பெட்டிக்குள் நீண்ட வரிசையில் தேங்கிவிடுகின்றன. லினக்ஸில் உள்ள 'கேக்' என்னும் வரிசை மேலாண்மையை இயக்கி, மேலேற்ற வேகத்தை இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே கட்டிவைத்தால், வரிசை நம் கட்டுப்பாட்டுக்குள் வரும். வகுப்பின் குரல் பொதிகள் காத்திருக்காமல் போகும். கணக்கிடும் வலு இதற்குத் தேவை. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 2019-இல் வந்த பை 4 தாராளம். பை 4-க்கு முந்தையவற்றை வாங்கவே வேண்டாம்: அவற்றில் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே பாதையைப் பங்குபோடுகின்றன.

வைஃபையில் பை தோற்கிறது. பலகையிலேயே பதித்த சிறு ஆன்டெனாவின் அலை இரண்டு சுவர் தாண்டினாலே நலிந்துவிடும். பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாற்றி வைத்துக்கொள்வதே சரி. பை 4-இல் ஈதர்நெட் துளையும் ஒன்றுதான். இரண்டாவதுக்கு யூஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டும். செலவு அப்போதே ஒரு நல்ல கடை ரவுட்டரின் விலையை எட்டிவிடும். பணம் மிச்சமாகும் என்று இதில் இறங்குவது தவறு.

அனல்மின் நிலையம் உள்ள மேட்டூரிலும் பராமரிப்பு மின்தடை உண்டு. பையின் மெமரி கார்டில் தரவு எழுதப்படும்போது கரண்ட் போனால் அந்தக் கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் அடிப்படைப் பகுதி படிக்க மட்டுமே அனுமதிக்கும் வடிவில் இருப்பதால் முழு லினக்ஸைவிட இது தாங்கும். ஆனாலும் சிறு யூபிஎஸ் அவசியம். சித்திரை வெயிலில் மூடிய டிவி அலமாரிக்குள் பையை வைத்தால் சூடேறி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எனக்கு இதில் பெரும் குறையாகப் படுவது வேறு. அமைத்தவர் வேலைக்குச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், நெட் நின்ற அன்று அம்மா யாரைக் கூப்பிடுவார்? கேபிள்காரர் வந்தாலும் தன் பெட்டியைத்தான் பார்ப்பார். எனவே அவருடைய பெட்டியின் அமைப்பைக் கலைக்காமல், பையை அதன் பின்னால் மாட்டுவதையே பரிந்துரைப்பேன். அப்போது ஐபி முகவரி மாற்றம் இருமுறை நடக்கும். அதனால் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்ப்பது போன்ற சில வசதிகள் சிக்கலாகும். அதற்கு ஈடாக, எந்த ஒயரைப் பிடுங்கி எங்கே செருகினால் நெட் திரும்பும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டிவிடலாம்.