நோக்கமும் நோக்குநிலையும்: 'பிறேக்கிங் பாட்' தொடரும் அதன் சுவைஞரும்

தொடர்ச்சியாக வெளிவரும் புனைகதை, நிறைவுறுவதற்கு முன்னரே சுவைஞரின் தீர்ப்புக்கு உள்ளாகிவிடுகிறது. இது தொலைக்காட்சியோடு தோன்றிய நிலைமையன்று. சாமுவேல் றிச்சாட்சன் தமது 'கிளரிசா' நாவலை 1747–48 இற் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, கதாநாயகியைச் சாகவிட வேண்டாமென வாசகர் அவருக்குக் கடிதம் எழுதினர். அவர் இணங்கவில்லை. ஆயினும் வேறொன்று அவரைப் பெரிதும் வருத்திற்று. கிளரிசாவைக் கெடுத்த லவ்லேசின்பால் வாசகர் பலர் மனம் பறிகொடுத்திருந்தனர். பின்வந்த பதிப்புகளில் அவனது கயமையைத் துலக்கும் மாற்றங்களை அவர் செய்யவேண்டியதாயிற்று. படைப்பாளி கயவனெனக் கருதிய பாத்திரத்தைச் சுவைஞர் நாயகனாக ஏற்பதும், அவனாற் பாதிக்கப்பட்டவள்மீதே சினங்கொள்வதும் ஏன் நிகழ்கின்றன என்பதே எமது வினா.

அமெரிக்காவின் ஏ.எம்.சி. அலைவரிசையில் 2008 முதல் 2013 வரை 62 அங்கங்களாக ஒளிபரப்பான 'பிறேக்கிங் பாட்' இவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அல்பகேர்க்கி நகரில் இரசாயனம் கற்பிக்கும் ஆசிரியர் வோல்ற்றர் வைற். ஐம்பது வயதில் தமக்கு நுரையீரற் புற்றுநோய் உண்டென அறிந்ததும், முன்னாள் மாணவனொருவனுடன் சேர்ந்து மெதாம்பெற்றமீன் என்னும் போதைப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறார். தாம் இறந்தபின் குடும்பம் வறுமையுறலாகாது என்பதே அவர் கூறும் காரணம். நல்லாசிரியர் ஒருவரைப் படிப்படியாகக் கொடியவராக்கிக் காட்டுவதே தொடரை ஆக்கிய வின்ஸ் கில்லிகனின் வெளிப்படையான திட்டம்.

ஆனாற் சுவைஞரிற் கணிசமானோரின் வெறுப்பு வோல்ற்றரை நோக்கியன்றி, அவரது மனைவி ஸ்கைலரை நோக்கியே திரும்பியது. அவள்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் ஒன்றோடொன்று முரண்படுபவை என்பது மனங்கொள்ளத்தக்கது. கணவனைத் தடுத்தபோது நச்சரிப்பவள் எனப்பட்டாள்; பின்னர் கார் கழுவும் நிலையமொன்றை நடத்தி, அவரது பணத்தை நேர்வழி வருமானமாகக் காட்ட உதவியபோது போலி எனப்பட்டாள். தன் முதலாளியுடன் அவள் கொண்ட உறவு, வோல்ற்றரின் கொலைகளைவிடப் பெரிய பாதகமாகச் சிலருக்குத் தோன்றிற்று. இவ்வெறுப்பு பாத்திரத்தோடு நிற்கவில்லை. அப்பாத்திரத்தை நடித்த அன்னா கன், 2013 ஓகஸ்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலே, தம்மைக் கொல்லும் விருப்பத்தையே ஒருவர் எழுதி வெளியிட்டதைக் குறிப்பிட்டார். கணவனுக்கு அடங்காத மனைவி பற்றிச் சமூகம் கொண்டுள்ள எண்ணத்தையே இவ்வெறுப்பு காட்டுகிறது என்பது அவரது முடிபு.

அம்முடிபு சரியானதே, ஆயினும் போதியதன்று. சுவைஞரை அறியாதோர் எனத் தள்ளிவிடுவது விமர்சகருக்கு எளிது. (எம்மவரிடையேயும் இவ்வழக்கம் உண்டு.) கலைவடிவமே தீர்ப்பின் ஒரு பகுதியை முன்கூட்டி எழுதிவிடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது. வோல்ற்றரின் அச்சத்தையும் தனிமையையும் முதல் அங்கத்திலிருந்தே அருகிருந்து காண்கிறோம். அவர் பொய் கூறும்போது அப்பொய்யின் காரணத்தையும் அறிந்திருக்கிறோம். ஸ்கைலரோ பொய் கூறப்படுபவள். நாம் அறிந்தவற்றை அவள் அறியாள். ஆகவே நியாயமான அவளது ஐயம், கதையின் ஓட்டத்திற்கு இடப்பட்ட தடையாகவே எமக்குப் புலப்படுகிறது. இக்கதை வோல்ற்றரின் கண்களூடாகவே சொல்லப்பட்டதால் அவளுக்குப் பாதகமாக அமைந்துவிட்டது என்பதைக் கில்லிகனே பின்னாளில் நேர்காணலொன்றில் ஒப்புக்கொண்டார்.

எனினும் முழுப் பொறுப்பையும் வடிவத்தின்மீது சுமத்தவும் இயலாது. முதற் பருவத்தின் ஐந்தாம் அங்கத்திலேயே வோல்ற்றரின் பழைய நண்பரான எலியற் வேலையும் மருத்துவச் செலவும் தர முன்வருகிறார், வோல்ற்றர் மறுக்கிறார். குடும்பத்தின் தேவையே நோக்கமாயின் கதை அவ்விடத்தில் முடிந்திருக்கவேண்டும். நான்காம் பருவத்தில் (2011) சிறுவனொருவன் நஞ்சுண்டு மருத்துவமனையிற் கிடக்க, நஞ்சூட்டியவர் யார் எனச் சுவைஞர் ஊகித்தவண்ணம் இருந்தனர். வோல்ற்றர் வீட்டுத் தோட்டத்துச் செடியொன்றைக் காட்டி அப்பருவம் முடிந்தது. குழந்தையொன்றைப் பகடைக்காயாக்கிய இச்செயலும் பலருக்கு வியப்பூட்டும் திருப்பமாகவே அமைந்தது. சான்றுகள் கண்முன் இருந்தும் காணப்படாமற் போனமைக்கு, குடும்பத்துக்காகப் பொருளீட்டும் ஆண் எதைச் செய்தாலும் மன்னிக்கத்தக்கவன் என்ற கருத்துநிலையே காரணம். வடிவம் கதவைத் திறந்தது. உள்ளே நுழைந்தது அக்கருத்துநிலை.

இறுதிப் பருவத்தில் தொடரே தன் சுவைஞருக்கு மறுமொழி கூற முற்படுகிறது. 2013 செப்ரெம்பரில் ஒளிபரப்பான 'ஒசிமாண்டியஸ்' அங்கத்திலே, பொலிசார் ஒட்டுக்கேட்பதை அறிந்தே வோல்ற்றர் மனைவியைத் தொலைபேசியில் வசைபாடுகிறார். அவள் குற்றமற்றவள் என நிறுவுவதே அவ்வசையின் உபாயம். ஆனால் அவர் வாயில் வந்தவை, சுவைஞர் அவள்மீது ஆண்டுக்கணக்காகப் பொழிந்துவந்த வசைகளையே ஒத்திருந்தன. அதனைத் தியாகமாக மட்டும் கொள்வோரும் உளர். எமக்கோ அதில் உபாயமும் உண்மையான ஆத்திரமும் பிரிக்கவியலாதபடி கலந்திருப்பதாகவே படுகிறது.

கடைசி அங்கத்திலே, குடும்பத்துக்காகவே எல்லாம் செய்ததாக மீண்டும் சொல்லப்போகிறாரோ என ஸ்கைலர் சலிப்புடன் இடைமறிக்கும்போது, தமக்காகவே செய்ததாகவும் அது தமக்குப் பிடித்திருந்ததாகவும் வோல்ற்றர் ஒப்புக்கொள்கிறார். விமர்சகர் பலரும் இவ்வாக்குமூலத்தையே எடுத்துப் பேசுவர். அதற்குச் சற்று முந்திய காட்சியமைப்பு எமக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றுகிறது. சமையலறையில் ஸ்கைலர் தனியே அமர்ந்து, வோல்ற்றர் ஊருக்குத் திரும்பிவிட்டதாக எச்சரிக்கும் தங்கையுடன் தொலைபேசியிற் பேசுகிறாள். கமரா மெல்ல நெருங்குகிறது. பேச்சு முடிந்த பின்னரே, தூணொன்றின் மறைவில் வோல்ற்றர் நின்றிருப்பது தெரியவருகிறது. அவர் அங்கிருப்பதை அவள் முன்னரே அறிவாள். சுவைஞர் அவளுக்குப் பிந்தியே அறிகின்றனர். அறுபத்திரண்டு அங்கங்களில் இத்தகைய இடங்கள் மிகச் சிலவே.