சிறுதேரும் தள்ளு மாடலும்

பழைய மோட்டார் வண்டிகளைச் சிறுவர்கள் கேலி செய்து கட்டிய விளையாட்டுச் சொற்கள், ஏட்டில் ஏறாமல் வாய்வழியே வழங்கும் மரபுகளை ஆராயும் நாட்டாரியல் துறையில், தாலாட்டும் ஒப்பாரியும் பெற்ற மதிப்பைப் பெற்றதில்லை. பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் ‘மலையருவி’ (1958) எனப் பதிப்பித்தார், நா. வானமாமலை ‘தமிழர் நாட்டுப் பாடல்க’ளைத் (1964) தொகுத்தார். ஞா. தேவநேயப் பாவாணரோ, ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ (1954) நூலில் சிறுவர் ஆட்டங்களைப் பகலாட்டு, இரவாட்டு என வகுத்துக் காட்டினார். வண்டிக் கேலியை ஆராய்பவருக்குப் பாட்டுத் தொகுப்புகளைவிடப் பாவாணர் நூலே நெருக்கமானது. ஏனெனில் இக்கேலி, பாட்டாக நிலைபெறுவதற்கு முன்பே ஆட்டத்தில் கலந்துவிடுகிறது.

குழந்தையின் வண்டி தமிழில் மிகப் பழையது. பட்டினப்பாலை மூன்று கால்களுடைய சிறுதேரைக் காட்டுகிறது. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் வரும் தச்சன் செய்த தேர், ஏறிச் செல்ல உதவாவிட்டாலும் கையால் இழுக்கும் சிறுவருக்கு இன்பம் தருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமும் சிறுதேரே. ஏறிச் செல்ல உதவாமை இங்குக் குறையாகக் கருதப்படவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

சிதம்பரத்தில் தேருக்கும் காருக்கும் உள்ள தொடர்பு தெருப்பெயரிலேயே இருக்கிறது. ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் வடம் பிடித்து இழுக்கப்படும் கீழவீதி, ஆங்கிலப் பலகையில் ‘ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்’ ஆகிவிடுவதால், அவ்வூரில் ‘கார்’ என்பது ஆள் இழுத்தாலன்றி நகராததும்தான்.

சென்னையின் முதல் மோட்டார் காரை 1901இல் ஓட்டியவர் எனப்படும் ஏ.ஜே. யார்க், கடலூரை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை நடத்திய பாரி நிறுவனத்தின் இயக்குநர். லாரி, பஸ் ஆகியவற்றிலிருந்து பிரித்து, சொந்தப் பயணத்துக்கான காரைச் சிற்றூர்கள் ‘பிளஷர்’ என்றன. புதுக் காருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போகாமல் ஒட்டுப்போட்டே ஓட்டப்பட்டதால், கேலிக்குப் பஞ்சமில்லாது போயிற்று: என்ன மாடல் என்றால் ‘தள்ளு மாடல்’; ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும். பின்னது சைக்கிளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் தடையின்றி மாறக்கூடியது. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் ஒரு பழைய காரைப் பற்றி நடத்திய வாக்குவாதமோ, நகைப்பை வண்டியிலிருந்து அதன் முந்தைய உடைமையாளர் மேல் திருப்பிவிட்டது. சிறுவர் கேலியின் நோக்கில் இது ஓர் இழப்பே.

பனை மிகுந்த கடலூர், சிதம்பரம் கடலோரத்தில் சிறுவரின் சொந்தக் கார் நுங்கு வண்டி. சுளை தோண்டியெடுத்த இரண்டு நுங்குக் கூந்தல்களை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவட்டை உள்ள நீண்ட கம்பால் அக்குச்சியைத் தள்ளிக்கொண்டு ஓடுவர். சில நாளில் கூந்தல் வற்றிச் சக்கரம் ஆட்டம் காணும். பழைய பிளஷரில் ஹாரன் ஒன்றே ஊமை. நுங்கு வண்டியிலோ ஒலிப்பது ஹாரன் ஒன்றே, அது தள்ளுபவன் வாயிலிருந்து வருவது.