சுற்றுலா ஆய்வில் தூண்டல்–உயிரி–துலங்கல் மாதிரி: ஒரு திறனாய்வு

ஒரு சுற்றுலாத் தலத்தின் காட்சி, ஒலி, மணம், கூட்டம், தூய்மை ஆகியவை பயணியின் மனத்தையும் நடத்தையையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை விளக்க ஆய்வாளர்கள் பரவலாகக் கையாள்வது தூண்டல்–உயிரி–துலங்கல் மாதிரி ஆகும். சூழல் உளவியலாளர்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியனும் ஜேம்ஸ் ரஸ்ஸலும் 1974இல் இதை முன்வைத்தனர்.

பின்னணி

நடத்தைவாதிகளின் தூண்டல்–துலங்கல் விளக்கத்தில் மனவெழுச்சிக்கு இடமில்லை. இவர்கள் அவ்விரண்டுக்கும் நடுவே இன்பம், கிளர்ச்சி, ஆதிக்கம் ஆகிய மூன்று உணர்வுகளை வைத்தனர். இவ்வுணர்வுகளுக்கு ஏற்பவே ஒருவர் ஓர் இடத்தை நாடுகிறார் அல்லது விலகுகிறார். 1982இல் டோனோவனும் ரோசிட்டரும் இம்மாதிரியைக் கடைகளில் சோதித்தனர். 1992இல் மேரி ஜோ பிட்னர் சேவை நிறுவனங்களின் சூழலை இவ்வழியில் ஆராய்ந்தார். பின்னர் இது சுற்றுலாத் துறைக்கும் வந்தது.

நிறையும் குறையும்

ஒரே கடற்கரைக் கூட்டம் ஒருவருக்குத் திருவிழாவாகவும் மற்றவருக்கு இரைச்சலாகவும் இருப்பதேன் என்பதை இம்மாதிரி விளக்குகிறது. இதுவே இதன் நிறை.

குறை அளக்கும் முறையில் உள்ளது. இடம் தூய்மையாக இருந்ததா, மகிழ்ச்சி கிடைத்ததா, மீண்டும் வருவீர்களா என்னும் மூன்று கேள்விகளும் பெரும்பாலும் ஒரே வினாத்தாளில், ஒரே நேரத்தில், ஒரே பயணியிடம் கேட்கப்படுகின்றன. இங்கே தூண்டல் என்று பதிவாவது சூழல் அன்று. சூழலைப் பற்றிய பயணியின் கருத்து. மனநிறைவுடன் இருப்பவர் மூன்றுக்கும் உயர்ந்த மதிப்பெண் இடக்கூடும். அதைக் கொண்டு எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது. மேலும், மீண்டும் வருவேன் என்பது எண்ணமே தவிர நடத்தை அன்று.

ஒரு கள ஆய்வு

அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கல்மரக் காட்டுத் தேசியப் பூங்காவில் ராபர்ட் சியால்டினி குழுவினர் நடத்திய ஆய்வு (2006இல் வெளியானது) வேறு வழியைக் காட்டுகிறது. அவர்கள் அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளைப் பாதையில் வைத்து, அறிவிப்புப் பலகையை மட்டும் மாற்றினர். முன்பு பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதைக் கூறிய பலகை இருந்தபோது சுமார் 8 விழுக்காடு துண்டுகள் காணாமற்போயின. எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே போயின. வினாத்தாளில் கேட்டிருந்தால் திருடுவேன் என்று எழுத எவரும் முன்வரமாட்டார்.

எனினும், பலகையைப் படித்தவர் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. எனவே உணர்வை அறிய வினாத்தாள் தேவை. கூட்டம், ஒலியளவு போன்ற தூண்டல்களையும், தங்கும் நேரம், மறுவருகை போன்ற துலங்கல்களையும் தனியே அளக்க வேண்டும். அவ்வாறு அளக்காத ஆய்வை நம்பி ஒரு தலத்தில் விளக்குக்கும் இசைக்கும் பணம் செலவிடுவது பொருத்தமாகாது.