பிணந்தொட்ட கை

துப்பறியும் நாவல் என்றாலே பொழுதுபோக்குக் குப்பையென்று தள்ளிவிடும் பழக்கம் நம் கற்றோரிடையே உண்டு. அன்னார் ராபர்ட் வான் கூலிக் ஆங்கிலத்தில் எழுதிய ‘சீன ஆணிக் கொலைகள்’ (1961) என்னும் நாவலை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. ஆசிரியர் டச்சுக்காரர், 1959 முதல் 1962 வரை கோலாலம்பூரில் தம் நாட்டுத் தூதராயிருந்தவர். அவருடைய நீதிபதி டீ கதைகளிற் சில முதன்முதல் அச்சேறியதும் அந்நகரிலேதான்.

டீ என்பார் ஏழாம் நூற்றாண்டில் மெய்யாகவே வாழ்ந்த சீன அதிகாரி. இத்தகைய கதைகளின் அருமையை உணர, 1247இல் சுங் ட்சு இயற்றிய பிரேத பரிசோதனை நூலையும் சிறிது அறிதல் வேண்டும். அதில் ஒரு வழக்கு: ஒருவன் அரிவாளால் வெட்டுண்டு கிடந்தான். அதிகாரி ஊரார் அரிவாள்களையெல்லாம் தரையிற் பரப்பச் சொன்னார். வெயிற்காலம், ஈக்கள் ஓர் அரிவாளையே மொய்த்தன. கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை ஈ அறிந்தது; உடையவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். குறி கேட்கவுமில்லை, சாமியாடவுமில்லை! எலும்பின்மேல் இரத்தம் சொட்டி, அது ஊறினால் உறவென்று கொள்ளும் பிழையும் அந்நூலில் உண்டு; அதை மறைப்பானேன்?

நாவலில் டீ ஒரு கல்லறையைத் தோண்டுவிக்கிறார். ஊரே திரண்டு நிற்கிறது. பிணத்திற் காயமொன்றும் காணவில்லை. ஐயம் பொய்த்தால் பதவி போகும். மெய்யையே நம்பிய மனிதன், மெய் அகப்படாதபோது படும் பாட்டை இவ்வளவு நெருங்கிக் காட்டிய துப்பறியும் கதைகள் சிலவே. மேலே சொல்லி வாசகர் இன்பத்தைக் கெடுக்கமாட்டோம்.

ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை. இந்நாவலிற் பிணத்தை ஆராயும் குவோ, மதிப்புள்ள மருந்துக்கடைக்காரர். பழைய சீனத்திலோ பிணத்தைக் கழுவிப் புரட்டிக் காயத்தை உரக்கச் சொன்னவன் ‘வூ-ட்சோ’ எனப்பட்ட கடைநிலை ஊழியன். நாற்றத்துக்கு அஞ்சி எட்ட நிற்கும் அதிகாரிகளைச் சுங் ட்சுவே கண்டிக்கிறார். பிற்காலத்தில் அவ்வூழியன் பிள்ளைகள் அரசாங்கத் தேர்வெழுதவும் தடையிருந்தது. சுடுகாட்டு வேலை இன்ன சாதிக்கே என்று விதித்த சமூகத்திலிருந்து வந்த நமக்கு இது விளங்காததன்று. வாக்குமூலம் பெறக் கசையடி கொடுத்த பழைய சட்டத்தை ஒளிக்காமற் காட்டும் ஆசிரியர், இந்த அநீதியை மட்டும் ஏன் மருந்துக்கடைக்குள் ஒளித்தார்? உண்மையைத் தொட்டறிந்த கை அவனுடையது, கீர்த்தி நீதிபதிக்கு.

அந்தோனியோ கர்ரிதோ என்னும் ஸ்பானியர் 2011இல் வெளியிட்ட நாவலில் சுங் ட்சுவே கதாநாயகன். சிலகாலம் குழிவெட்டிப் பிழைக்கிறான். மெய்யான சுங் ட்சு அதிகாரியின் மகன், 1217இல் தேர்வில் தேறியவர் என்பது வேறு. கதைக்கட்டில் இது வான் கூலிக்கின் நாவலுக்கு நிகரன்று. அளவுக்கு மீறிய இடர்கள் அவனைத் துரத்துகின்றன. ஆனாலும் மண்வெட்டி பிடித்த கையே இங்கே பிணத்தைப் படிக்கிறது. நம் வாசகசாலைகள் இரண்டையும் வாங்கி வைக்கலாம். தமிழிற் பெயர்க்க முன்வருவோர் இதிலிருந்தே தொடங்கட்டும்.